ஆங்கிலக் காணொளி: ஆர்வமாகப் பார்க்கிறார்கள், வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள்

பட்டர்வொர்த் ஆசிரியை:
வணக்கம். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டுக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். எல்சிடியில் கதைக் காணொளி போட்டால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். முடிந்ததும் கேள்வி கேட்டால் வகுப்பே அமைதி. எப்போதும் பேசுகிற ரெண்டு பேர்தான் பதில் சொல்வார்கள். வீட்டில் தமிழ், கடையில் மலாய். பலருக்கு ஆங்கிலம் என் பாடவேளையில் மட்டும்தான். தமிழ் வசன எழுத்தோடு போட்டால் உதவுமா? இல்லை, காணொளியையே விட்டுவிடலாமா?

செந்தூல், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்:
விட்டுவிடாதீர்கள், டீச்சர். முழுக்கதையும் ஓடவிட்டுக் கடைசியில் கேள்வி கேட்டால் அது பிள்ளைக்குப் பரீட்சை மாதிரிதான். பாடவேளையே அரை மணி நேரம். அதில் ஒன்றரை நிமிடத் துண்டு போதும்.

முதலில் சத்தம் இல்லாமல் போடுங்கள். வகுப்பில் பாதிப் பேர் திரைக்கு முதுகு காட்டி, எதிரே இருக்கும் நண்பனைப் பார்த்து உட்காரட்டும். திரையைப் பார்ப்பவன் சொன்னால்தான் மற்றவனுக்குக் கதை தெரியும். “டாக் ரன்... பாய் ஃபால்” என்று உடைந்துதான் வரும். அந்த நேரத்தில் திருத்தாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பயந்த பிள்ளை அப்போதுதான் முதல் தடவை வாய் திறக்கிறது.

பாதியில் இடம் மாற்றி உட்கார வையுங்கள். பிறகு எல்லாரும் திரும்பிச் சத்தத்தோடு பார்க்கட்டும். தான் தேடித் தவித்த சொல் அங்கே காதில் விழும்போது பிள்ளை அதைப் பிடித்துக்கொள்ளும். இத்தனையும் செய்யச் சொல்வது அந்த ஒரு நொடிக்காகத்தான்.

தமிழ் எழுத்து வேண்டாம். கண் அதைப் படிக்கும், காது ஓய்ந்துவிடும். மூன்றாம் தடவை ஆங்கில எழுத்தோடு போடுங்கள். பேச்சில் ஒட்டிக்கொண்டு வரும் சொற்கள் எங்கே பிரிகின்றன என்று அப்போது தெரியும். யூடியூப் தானாகப் போடும் எழுத்தில் பிழை இருக்கும், முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

ஆயர் ஈத்தாம் ஆசிரியை:
ஐயா சொல்வது சரி. எங்கள் பள்ளியில் இணையம் அடிக்கடி நின்றுவிடும். அதனால் பினாங்குக் கொடிமலை ரயிலை நானே கைப்பேசியில் எடுத்தேன், பேச்சு எதுவும் சேர்க்காமல். பிள்ளைகள்தான் குரல் கொடுத்தார்கள். 2011இல் புது வண்டி வரும்வரை நடு நிலையத்தில் இறங்கி வேறு வண்டி மாறணும். பாட்டியிடம் அதைக் கேட்டுவந்து ஒரு மாணவி சொன்னாள். இறந்தகாலம் தானாக வந்து விழுந்தது.

பட்டர்வொர்த் ஆசிரியை:
நன்றி ஐயா, நன்றி டீச்சர். எங்கள் ஊர் ஃபெரியை அப்படிக் கைப்பேசியில் படம் எடுத்துப் பார்க்கிறேன். ஆனால் இவர்கள் சட்டென்று தமிழுக்குத் தாவிவிடுவார்களே?

செந்தூல்:
தாவத்தான் செய்வார்கள். காணொளிக்கு வேண்டிய வினைச்சொற்கள் நாலைந்தை வெண்பலகையில் முதலிலேயே எழுதி, நடித்துக் காட்டிவிடுங்கள். பெயர்ச்சொல் வேண்டாம், அது திரையிலேயே தெரிகிறது.