சும்பா தீவில் குத்தகை நிலம்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்
வணக்கம். இந்தோனேசியாவின் சும்பா தீவில், தம்போலாகா விமான நிலையத்திலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் சிறு துண்டு நிலம் குத்தகைக்கு வருகிறது. 1960ஆம் ஆண்டு நிலச்சட்டப்படி வெளிநாட்டவருக்கு ‘ஹக் மிலிக்’ எனும் முழு உரிமை கிடையாது. உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிப்போடச் சொல்லும் தரகர் பேச்சுக்கு நான் காது கொடுக்கவில்லை.

சிக்கல் வேறு. நிலம் குலத்துக்குப் பொது. நிலச் சான்றிதழ் இல்லை. ஓரத்தில் மூதாதையரின் கல்லறை, யானை படுத்தாற்போல் ஒரே கல். குலப் பெரியவர் வெற்றிலை பாக்கு நீட்டிச் சம்மதித்துவிட்டார்; அவருடைய தம்பிமார் வாயே திறக்கவில்லை. (எனக்கு அந்த மௌனம்தான் பயம்.)

அங்கே குத்தகை எழுதியவர்கள் யார் யாரிடம் கையெழுத்து வாங்கினீர்கள்? நோட்டரி போதுமா? மழைக்காலத்தில் பக்கத்துச் சும்பாவா தீவின் சாபேயிலிருந்து சும்பாவின் வாய்க்கேலோ துறைமுகத்துக்குப் படகு ஒழுங்காக ஓடுமா என்பதையும் சொல்லுங்கள்.