உயிலில் என்னை எக்ஸிகியூட்டராகப் போட்டிருக்கிறார்கள். கடன் என் தலையில் விழுமா?

வைகைக்கரை (கேள்வி)

என் தாய்மாமா போன மாதம் காலமானார். மதுரையில் பதிவு செய்த உயில். அதில் என்னை எக்ஸிகியூட்டராக, அதாவது உயிலில் சொன்னபடி சொத்தை நிர்வகித்துப் பங்கிடும் பொறுப்பாளராக, நியமித்திருக்கிறார். எனக்குப் பங்கு எதுவும் இல்லை.

மதுரை வீடு இரண்டு மகன்களுக்கும் சமபாகம். லாக்கர் நகை மகளுக்கு. வீட்டோடு இருந்து அவரைப் பார்த்துக்கொண்ட மாமியின் தங்கைக்கு 3 லட்சம் ரொக்கம். மற்றதெல்லாம் மகன்களுக்கு. வங்கியில் 14 லட்சம் எஃப்.டி. இருக்கிறது, நாமினி மூத்த மகன்.

கொடுக்க வேண்டியது: வங்கியில் தனிநபர் கடன் 6 லட்சம். ஒருவர் 4 லட்சத்துக்குப் புரோநோட்டு காட்டுகிறார். ஆஸ்பத்திரி பாக்கியும் காரியச் செலவும் சேர்ந்து 1,90,000. இளைய மகன் கைக்காசைப் போட்டிருக்கிறார். வீட்டு வேலை செய்த அம்மாவுக்கு 3 மாதச் சம்பளம் 24,000 பாக்கி. வரவேண்டியது: மாமா ஒருவருக்குப் புரோநோட்டின் பேரில் கொடுத்த 2 லட்சம். அந்த நோட்டுக்கு வருகிற ஜூலையோடு 3 வருடம் முடிகிறது.

மூத்தவர், "நாமினி நான்தான். எஃப்.டி.யை உடைத்து சித்திக்கு 3 லட்சம் கொடுத்துவிட்டு மீதியைப் பிரித்துக்கொள்வோம், கடன்காரர்களைப் பிறகு பார்க்கலாம்" என்கிறார். மாமா இறந்த மறுநாள் ஏ.டி.எம்.மில் 40,000 எடுத்தும் இருக்கிறார். இந்தப் பொறுப்பை ஏற்கலாமா? என் கைக்காசு போகுமா?

சிவில்பக்கம்

மாமாவின் கடன் உங்கள் சொந்தக் கடன் ஆகாது. அவர் விட்டுப்போன சொத்து எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் கடன்காரர் கேட்க முடியும். ஆனால் அந்தச் சொத்தை நீங்கள் தப்பாகக் கையாண்டு குறைத்துவிட்டால், குறைந்ததை உங்கள் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம் 368, 369 பிரிவுகளைப் படியுங்கள். இல்லாத கடனைக் கொடுத்து இழப்பு உண்டாக்குவது 368. வசூலிக்க வேண்டியதை வசூலிக்காமல் விடுவது 369. அந்த ஜூலை நோட்டு இரண்டாவது வகை. பொறுப்பை ஏற்றபின் நோட்டீஸ் மட்டும் அனுப்பிவிட்டு உட்கார்ந்தால், வழக்குப் போட இருக்கும் 3 வருடக் காலக்கெடு நிற்காது. ஜூலைக்குள் வழக்கு தாக்கல் ஆக வேண்டும், அல்லது கடன் வாங்கியவரிடம் கெடு முடியும் முன்பே தேதியோடு கையெழுத்திட்ட ஒப்புதல் வாங்க வேண்டும். விட்டால் அந்த 2 லட்சத்தை மகன்களோ சித்தியோ உங்களிடம் கேட்கலாம்.

வேண்டாம் என்றால் விலகலாம். நீதிபதி முன் வாயால் சொல்லலாம், கையெழுத்திட்ட எழுத்து மூலமும் செய்யலாம். அப்படி விலகினால் பிறகு மனம் மாறி புரோபேட் (உயிலை உறுதிசெய்யும் நீதிமன்றச் சான்று) கேட்க முடியாது. அதைவிட முக்கியம், சொத்தில் கை வைக்கும் முன்பே விலகிவிட வேண்டும். எஃப்.டி.யை வாங்குவது, வாடகை வசூலிப்பது, எதையாவது விற்பது என்று ஆரம்பித்தால் பொறுப்பை ஏற்றதாகிவிடும்.

கணக்கர்_தெற்குமாசி

மூத்தவர் சொல்வதுபோல் செய்தால் என்ன ஆகும் என்பதைப் போட்டே பார்ப்போம். வரிசையைச் சட்டமே சொல்கிறது: முதலில் நியாயமான காரியச் செலவும் கடைசிக்கால வைத்தியச் செலவும், அடுத்து புரோபேட் செலவு, அடுத்து இறப்பதற்கு முந்தைய 3 மாதத்துக்குள் உழைத்த வேலையாளின் கூலி, அதன்பின் மற்ற கடன்கள், கடைசியில்தான் உயிலில் எழுதிய கொடை.

14,00,000இல் 1,90,000 போனால் 12,10,000. புரோபேட் செலவு 60,000 என்று வைத்தால் 11,50,000. வேலைக்கார அம்மாவுக்கு 24,000 போக 11,26,000. வங்கி 6 லட்சம், நோட்டு 4 லட்சம் போனால் மிச்சம் 1,26,000. சித்திக்கு எழுதியது 3 லட்சம். 1,74,000 துண்டு விழுகிறது. ஜூலை நோட்டின் 2 லட்சம் வசூலானால்தான் அவருக்கு முழுத்தொகையும் போய், 26,000 மகன்களுக்கு மிஞ்சும். கடைசிக் காலத்தில் அவரைப் பார்த்துக்கொண்ட அந்த அம்மாவின் பணம் அந்த ஒரு நோட்டில்தான் தொங்குகிறது. எனவே அதை விட்டுவிடாதீர்கள்.

நகையும் வீடும் இன்னது என்று பெயர் சொல்லி எழுதப்பட்டவை. பணம் போதாதபோது முதலில் மகன்களின் 'மற்றதெல்லாம்' கரையும், அடுத்து சித்தியின் ரொக்கம் குறையும். அதற்குப் பிறகும் கடன் நின்றால்தான் நகையிலும் வீட்டிலும் கை வைக்க வேண்டி வரும்.

இப்போது சித்திக்கு 3 லட்சத்தைக் கொடுத்துவிட்டுக் கடனுக்குப் பணம் இல்லாமல் நின்றால்? உங்களுக்குத் தெரியாத கடன் பிறகு முளைத்திருந்தால், கொடுத்ததை விகிதப்படி திருப்பிக் கேட்க 359ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. இந்த இரண்டு கடனும் உங்களுக்கு ஏற்கனவே தெரியும், அதனால் அந்தப் பிரிவு கைகொடுக்காது. எக்ஸிகியூட்டரின் கைக்காசு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் போகிறது. அவசரப்படுத்தினால் 337ஐக் காட்டுங்கள். இறந்து ஒரு வருடம் முடியும்வரை கொடைகளைக் கொடுக்க உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

வைகைக்கரை

இருவருக்கும் நன்றி. வீட்டைப் பூட்டிச் சாவியை நான் வைத்திருக்கிறேன். வேலைக்கார அம்மாவுக்கு என் சொந்தப் பணத்தில் 8,000 கொடுத்தேன். இனி விலக முடியாதா? நாமினி விஷயம் எப்படி? மாமாவின் ஸ்கூட்டரை நானே விலை கொடுத்து எடுத்துக்கொள்ளலாமா?

சிவில்பக்கம்

சொத்தைப் பத்திரமாக வைப்பது, ஈமக்காரியம் செய்வது, குடும்பத்தின் உடனடித் தேவையைக் கவனிப்பது இவற்றைச் சட்டம் தலையீடாகப் பார்ப்பதில்லை. சாவி பரவாயில்லை. 8,000 சொத்துப் பணத்திலிருந்து போகவில்லை. தேதியோடு ரசீது வாங்கி வைத்துவிட்டு அத்தோடு நிறுத்துங்கள். முடிவெடுக்கும்வரை வேறு எதையும் தொட வேண்டாம்.

நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் ஆள்தான், உரிமையாளர் அல்ல. கம்பெனிப் பங்குகள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் இதையே சொன்னது. ஆனால் தடுக்கும் நீதிமன்ற உத்தரவு இல்லாதவரை நாமினிக்குக் கொடுத்த வங்கி தப்பித்துக்கொள்ளும். உயில் நகலோடு கடிதம் கொடுப்பது மட்டும் போதாது. மூத்தவரிடம், பணத்தை எஸ்டேட் (மாமா விட்டுப்போன மொத்தச் சொத்து) கணக்கில் போடுகிறேன் என்று எழுதி வாங்குங்கள். மறுத்தால் தாமதிக்காமல் இடைக்காலத் தடை கேளுங்கள். ஏ.டி.எம். 40,000க்குக் காரியச் செலவு பில் காட்டினால் செலவில் சேரும். இல்லையென்றால் திருப்பிப் போட வேண்டும். இறப்புச் சான்றிதழை வங்கியில் கொடுத்து கார்டை இன்றே முடக்குங்கள்.

ஸ்கூட்டர் வேண்டாம். எக்ஸிகியூட்டரே வாங்கினால், அது நேரடியாக இருந்தாலும் ஆள் வைத்து வாங்கினாலும், சொத்தில் உரிமையுள்ள யார் கேட்டாலும் விற்பனை ரத்தாகலாம் (பிரிவு 310). வெளியாளுக்கு விற்று, அந்த விலையையும் கணக்கில் சேருங்கள்.

புரோபேட் பற்றி ஒரு வார்த்தை. மதுரையில் எழுதி மதுரையில் சொத்துள்ள இந்து உயிலுக்கு அது கட்டாயமில்லை. சென்னைக்கு இருந்த கட்டாயமும் 213ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நீக்கியதோடு போய்விட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துக் குழம்ப வேண்டாம். ஆனாலும் உங்கள் நிலையில் நான் எடுக்கவே சொல்வேன். இரண்டு மகன்கள், மகள், இரண்டு கடன்காரர்கள் என்று ஐந்து பக்கமும் கேள்வி வரக்கூடிய இடம் இது. புரோபேட் கிடைத்தால், மாமா இறந்த நாளிலிருந்தே உயில் நிலைநாட்டப்பட்டு, இடையில் நீங்கள் எக்ஸிகியூட்டராகச் செய்ததும் செல்லும். மாவட்ட நீதிமன்றத்தில் மனு, அசல் உயில், சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவரின் உறுதிமொழி தேவை. யாராவது ஆட்சேபித்தால் அது முழு வழக்காக மாறும். புரோபேட் வாங்கினால் 6 மாதத்தில் சொத்துப் பட்டியலும், ஒரு வருடத்தில் வரவு செலவுக் கணக்கும் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும்.

பத்திரஎழுத்து

கடன்காரர் அறிவிப்பை யாரும் சொல்லவில்லை. பிரிவு 360. உயர் நீதிமன்ற விதிப்படி பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து, அதில் சொன்ன கெடு முடிந்தபின் உங்களுக்குத் தெரிந்த கோரிக்கைகளைத் தீர்த்துப் பங்கிட்டுவிட்டால், தெரியாமல் இருந்த கடன்காரர் உங்களைப் பிடிக்க முடியாது. பணம் வாங்கியவர்களைத்தான் அவர் துரத்த வேண்டும். தமிழ் நாளிதழ் ஒன்று, ஆங்கில நாளிதழ் ஒன்று, குறைந்தது 30 நாள் அவகாசம் என்று போடுவது நல்லது. வாசகத்தை வக்கீல் எழுதட்டும். தெரிந்த இரண்டு கடன்காரருக்கும் தனியாகப் பதிவுத்தபால்.

4 லட்சம் நோட்டின் அசலைப் பாருங்கள்: தேதி, ரெவின்யூ ஸ்டாம்ப், பின்பக்கம் வரவு எழுதியிருக்கிறதா, கையெழுத்து வங்கிக் கையெழுத்தோடு ஒத்துப்போகிறதா. பார்த்து முடிக்கும்வரை "தந்துவிடுகிறோம்" என்று வாட்ஸாப்பில்கூட எழுத வேண்டாம். அதைக் கடன் ஒப்புதலாக்கி, கெடு புதிதாக ஓடுவதாக வாதாடுவார்கள். நோட்டு உண்மையானால், பணம் போதாத நிலையில் வங்கிக்கு முழுதும் இவருக்குப் பாதியும் கொடுக்கக் கூடாது. இருவருக்கும் ஒரே விகிதம்.

லாக்கரை மகள், ஒரு மகன், நகை மதிப்பீட்டாளர் மூவரும் இருக்கும்போது திறங்கள். ஒவ்வொரு உருப்படியையும் தராசில் வைத்து, கல்லோடு எத்தனை கிராம், கல் நீக்கி எத்தனை கிராம் என்று எழுதுங்கள். தராசின் எண் தெரியும்படி படம் எடுங்கள். 'பழைய சங்கிலி 1' என்று மட்டும் எழுதினால் பிறகு பட்டியல் பயன்படாது. பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

கணக்கர்_தெற்குமாசி

வரியைச் சேர்த்துவிடுகிறேன். இறந்த நாள்வரை உள்ள வருமானத்துக்கு மாமாவின் பான் எண்ணிலேயே ரிட்டர்ன். அதற்கு வருமான வரித் தளத்தில் சட்டப் பிரதிநிதியாகப் பதிய வேண்டும், பதிவு செய்த உயிலை ஆதாரமாக ஏற்கிறார்கள். இறந்த பிறகு வரும் எஃப்.டி. வட்டி, பங்கீடு முடியும்வரை எஸ்டேட்டின் வருமானம். அதைத் தனியாகக் காட்ட வேண்டும். வரிப் பாக்கி நிற்கும்போது சொத்தைக் கைமாற்றினால், கைமாற்றிய சொத்தின் மதிப்பு வரை நீங்களே பொறுப்பு. பழைய நோட்டீஸ் ஏதும் இருக்கிறதா என்று உள்நுழைந்து பாருங்கள்.

பணம் எல்லாம் ஒரே கணக்கில் ஓட வேண்டும். காலமானவரின் எஸ்டேட் என்ற பெயரிலேயே வங்கியில் கணக்கு திறக்கலாம், ரிசர்வ் வங்கி வழிமுறையில் இடம் இருக்கிறது. உங்கள் சேமிப்புக் கணக்கில் ஒரு ரூபாய் கலந்தாலும் பிறகு விளக்குவது சிரமம். சம்பளம் எதிர்பார்க்க வேண்டாம். கமிஷன் எடுப்பதற்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. உண்மையான செலவை வவுச்சரோடு எடுத்துக்கொள்ளலாம்.

வைகைக்கரை

ஏற்பதாக முடிவு செய்திருக்கிறேன். கடைசியாக ஒன்று: பங்கு கொடுக்கும்போது என்ன எழுதி வாங்குவது?

பத்திரஎழுத்து

முத்திரைத்தாளில், ஆளுக்கு ஒன்று. உயிலின் தேதியும் பதிவு எண்ணும், பெற்றது இன்னது என்ற விவரம், கணக்கைப் பார்த்தேன் என்ற வரி, பிறகு கடனோ வரியோ தெரியவந்தால் நான் பெற்ற அளவுக்கு உட்பட்டு என் விகிதத்தைத் திருப்பித் தருவேன் என்ற உறுதி, இரண்டு சாட்சிகள். கையெழுத்தான பிறகே காசோலை. வீட்டுக்கு மகன்கள் இருவர் பெயரிலும் உங்கள் சம்மதக் கடிதம் எழுதிக் கொடுங்கள். அதையும் உயிலையும் வைத்துப் பட்டா மாற்றத்துக்கு அவர்கள் விண்ணப்பிக்கட்டும். தாலுகாவில் மகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் கேட்கலாம், நகைக்கு அவர் கையெழுத்துப் போடும் அன்றே அதையும் வாங்கிவிடுங்கள்.