புதுப்பிப்பு: கூச்ச சுபாவமுள்ள மேய்ப்பு நாய்க்கு வீடு அமைந்தது

தெருவில் திரிந்த இளம் மேய்ப்பு நாயொன்றைத் தற்காலிகமாக வளர்ப்பதாகவும், அது கட்டிலுக்கடியை விட்டு வெளியே வருவதில்லை என்றும் முன்பு எழுதியிருந்தேன்; அதற்கு இப்போது நிரந்தர வீடு அமைந்துவிட்டது. நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில் அமர்ந்து, தரையில் தீனியை உருட்டிவிட்டுக் காத்திருந்ததே பலன் தந்தது: பின்னங்கால்களை ஓடத் தயாராக ஊன்றியபடி, கழுத்தை மட்டும் நீட்டி எடுத்துத் தின்றது. பயம் தெளிந்ததும் இனத்துக்கே உரிய குணம் தலைதூக்கி, ஓடுபவர்களின் குதிகாலைக் கவ்வத் தொடங்கியதால் (ஆட்டை மடக்கும் அதே வேலைதான், கோபமன்று), சிறு குழந்தைகள் உள்ள வீடுகளைத் தவிர்த்தேன். நிதானமான மூத்த நாய் ஒன்றை வளர்ப்பவர்களே எடுத்துக்கொண்டார்கள். மிரண்ட நாய் புதிய இடத்தில் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிடக்கூடும் என்பதால், மார்புப்பட்டையிலும் தனியாக ஒரு கயிறு மாட்டியே சில வாரங்களுக்கு வெளியே அழைத்துச் செல்லும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.