வரையறுக்கப்படாத மாறியா, வரையறா மாறியா?

திங்கள் காலை, பாடம் எழுதுபவர்

வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான பிஎச்பி நிரல்மொழிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'அன்டிஃபைன்டு வேரியபிள்' என்ற இடத்தில் மட்டும் நிற்கிறேன். மதிப்பு வைக்கும் பெயருக்கு 'மாறி' சரி, அதற்கு முன்னால் என்ன போடுவது?

பிஎச்பியில் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் வகுப்பில் $மதிப்பெண் = 80; என்று எழுதச் சொன்னேன். ஒரு மாணவி கூட்டும் வரியில் $மதிபெண் என்று அடித்துவிட்டார். எச்சரிக்கை ஒன்று வந்தது. ஆனாலும் நிரல் நிற்காமல் ஓடி, மொத்தத்தில் 80 குறைத்துக் காட்டியது. "இது என்ன சார் சொல்லுது?" என்று கேட்டார். எனக்குத் தமிழில் சொல்ல வரவில்லை.

திங்கள் மதியம், கணித ஆசிரியை

இதில் என்ன யோசனை? முக்கோணவியல் அட்டவணையில் டேன் 90-க்கு நேராக 'வரையறுக்கப்படவில்லை' என்று பிள்ளைகள் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். 'வரையறுக்கப்படாத மாறி' என்று போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

திங்கள் இரவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

'படு' போட்டு நீட்டினால்தான் கலைச்சொல்லா? ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் எதற்கு இருக்கிறது? 'வரையறா மாறி'. ஆறே எழுத்தில் வேலை முடிந்தது.

செவ்வாய் காலை, கணித ஆசிரியை

ஐயா, 'அறா' தன்வினை அல்லவா? கயிறு அறும், அறாது. பிறவினை என்றால் 'வரையறுக்கா' என்றுதான் வரும். அப்படிச் சொன்னால் மாறிதான் எதையோ வரையறுக்காமல் விட்டது போல ஆகிறது.

செவ்வாய் மதியம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அழையா விருந்தாளி யாரையும் அழைக்காதவனா அம்மா? அவனைத்தான் யாரும் அழைக்கவில்லை. அதே கணக்குதான். 'அறா' பற்றிச் சொன்னதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் செவிக்கு இனிமை என்று ஒன்று உண்டு.

செவ்வாய் இரவு, நிரலாளர்

பெரியவர்கள் மன்னிக்கவும். இங்கே இரண்டு சங்கதி கலந்து கிடக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு நிரல்மொழியில் 'லெட் தொகை;' என்று எழுதி மதிப்பு வைக்காமல் விட்டால் பெயர் இருக்கும், உள்ளே 'அன்டிஃபைன்டு' என்ற மதிப்பு உட்கார்ந்திருக்கும். பெயரையே அறிவிக்காமல் அந்த மாறியைப் படிக்கப் போனால் ரெஃபரன்ஸ் எரர், நிரல் அங்கேயே விழும். பிஎச்பியில் தனியாக அறிவிப்பது கிடையாது. முதல் மதிப்பு வைக்கும்போதே மாறி பிறக்கிறது. பிறக்காததைக் கேட்டால் பழைய பதிப்புகளில் 'நோட்டீஸ்' வரும், 2020-இல் வந்த 8.0 முதல் 'வார்னிங்'. மதிப்பு இல்லாததற்கும் அறிவிப்பு இல்லாததற்கும் ஒரே சொல் போட்டால் நாளைக்கு ஜாவாஸ்கிரிப்ட் பாடத்தில் மாட்டுவீர்கள்.

மதிப்பு இல்லாதது 'மதிப்பிலி', அறிவிப்பு இல்லாதது 'அறிவிப்பிலி'. எப்படி?

புதன் காலை, கணித ஆசிரியை

'அறிவிப்பிலி' ஒரே வாரத்தில் 'அறிவிலி' ஆகிவிடும். பையன்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்ள நாமே சொல் எடுத்துக் கொடுக்க வேண்டாம். 'மதிப்பிலி'யும் வசவு மாதிரிதான் இருக்கிறது. 'மதிப்பிலா' என்றாலோ விலைமதிப்பற்ற பொருள் ஆகிவிடுகிறது!

புதன் மதியம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி சொன்ன முதல் வகையைக் குறள் 406 எப்போதோ சொல்லிவிட்டது. 'உளரென்னும் மாத்திரையர்', அதாவது பேருக்கு இருக்கிறார்கள், பயன் இல்லை. மதிப்பு வைக்காத மாறியும் உளது என்னும் மாத்திரைதானே? 'மாத்திரை மாறி' என்றே வைக்கலாம்.

புதன் மதியம், நிரலாளர்

ஐயா, மருந்துக்கடை ஞாபகம் வருகிறது.

புதன் இரவு, எழுத்துருக்காரர்

நீங்கள் பேரைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள், எனக்குப் போன மாதம் வேறு சிக்கல். $தொகை என்று மதிப்பு வைத்தேன், அடுத்த வரியில் $தொகை என்றே அச்சிட்டேன். வரையறுக்கப்படவில்லை என்றது. அரை நாள் முறைத்துப் பார்த்தேன். 'தொ'-வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். ஒரு வரியை நான் தட்டச்சு செய்தேன், மற்றது எங்கிருந்தோ ஒட்டியது. திரையில் இரண்டும் ஒன்றுதான். பிஎச்பி பைட்டுகளைத்தான் ஒப்பிடுகிறது, அதற்கு இரண்டும் வெவ்வேறு மாறி. கையேட்டில் இதற்கு ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள், புண்ணியமாகப் போகும்.

வியாழன் காலை, பாடம் எழுதுபவர்

பெட்டிச் செய்தி உறுதி. சொல்லுக்கு வருவோம். இதுவரை 'வரையறுக்கப்படாத மாறி'க்கு நாலு பேர், 'வரையறா'வுக்கு ஐயா ஒருவர். பெரும்பான்மைப்படியே போகிறேன். மாறிக்கு மதிப்பு இருக்கிறதா என்று 'இஸ்செட்' கொண்டு சோதிப்பதும், பிஎச்பி 7.0-இல் வந்த ?? குறியால் மாற்று மதிப்பு கொடுப்பதும் அதன் கீழேயே வருகின்றன. ஜாவாஸ்கிரிப்ட் பாடத்தில் 'மதிப்பு வைக்காத மாறி', 'அறிவிக்காத மாறி' என்று வாக்கியமாகவே எழுதிக்கொள்கிறேன், சொல்லாக்கம் வேண்டாம்.

வியாழன் மதியம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

நாலு பேர் சேர்ந்தால் இலக்கணம் மாறிவிடாது. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

வெள்ளி காலை, பாடம் எழுதுபவர்

ஐயா, ஒரு செய்தி. பிழைப் பட்டியலின் முதல் பத்தி ரொம்பக் குறுகல், 'வரையறுக்கப்படாத' உள்ளே அடங்கவில்லை. அந்த ஒரு கட்டத்தில் மட்டும் 'வரையறா' என்று போட்டிருக்கிறேன்.

அப்புறம், அடுத்த பாடத்தில் மதிப்பு எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'நல்' வருகிறது. தமிழ் எழுத்தில் போட்டதும் மாணவர்கள் நல்ல மதிப்பு என்று படிக்கிறார்கள். 'இன்மை', 'வெற்று', 'சுழி' இவற்றில் எது?