அப்பாவின் நட்டு போல்ட் டப்பாக்கள்: வைத்துக்கொள்வதா, எடைக்குப் போடுவதா?

நான்காம் மாடி:
கோவை கணபதியில் இருக்கும் எங்கள் வீட்டை வாடகைக்கு விடப் போகிறோம். அப்பா எங்களோடு சென்னைக்கு வருகிறார். இங்கே இரண்டு படுக்கையறை கொண்ட ஃபிளாட். அங்கே கார் ஷெட்டின் பின்சுவர் முழுக்க டப்பாக்கள். பெயின்ட் டப்பா, ஹார்லிக்ஸ் பாட்டில், பிஸ்கட் டின் எல்லாவற்றிலும் நட்டு, போல்ட், ஸ்க்ரூ, வாசர், எதிலிருந்து கழன்றது என்றே தெரியாத துண்டுகள். அப்பா மில்லில் ஃபிட்டராக இருந்தவர். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தூக்கிப் போட மாட்டார்.

என் கருத்து: மொத்தத்தையும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட வேண்டும். சாதாரண எம்6 (6 மில்லிமீட்டர் தடிமன்) போல்ட் ஒன்று கடையில் சில ரூபாய்தான். அதற்காக ஒரு டப்பாவையே தரையில் கொட்டிக் கிளறி, பொருந்துகிற நட்டு கிடைக்காமல் கடைசியில் கடைக்கே போகிறோம். இரும்பும் வீணாகப் போவதில்லை. உலையில் உருகி மறுபடி கம்பியாக வரும். குப்பையில் கொட்டச் சொல்லவில்லை, உலைக்கு அனுப்பச் சொல்கிறேன். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பழைய பட்டறை:
அம்மா, உங்கள் அப்பா மில் ஃபிட்டர் என்று சொன்னதால்தான் எழுதுகிறேன். நானும் கோவைதான், லேத் பட்டறை. அவசரப்பட்டு எடைக்குப் போடாதீர்கள். கோவை மில்களில் ஒரு காலத்தில் ஓடியவை பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்த இயந்திரங்கள். அவற்றில் இருந்தது விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரை, இஞ்சுக் கணக்கு. இந்தியாவில் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது 1956-இல். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பம்பு செட்டிலும் பட்டறை இயந்திரத்திலும் நூல் கணக்குதான். ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. மூன்று நூல், நான்கு நூல் போல்ட்டை இன்றைக்குத் தெருமுனை ஹார்டுவேர் கடையில் கேட்டுப் பாருங்கள். கடைப் பையன் எம்10, எம்12 எடுத்துக் கொடுப்பான்.

உங்கள் அப்பா டப்பாவில் அந்தச் சரக்கு கட்டாயம் இருக்கும். சில ரூபாய் என்று நீங்கள் போடும் கணக்கு எம்6-க்குச் சரி. அரை இஞ்சு விட்வொர்த் போல்ட் ஒன்றுக்காக லேத்தில் மரை வெட்டினால் என்ன கூலி ஆகும் என்று எனக்குத் தெரியும்.

நான்காம் மாடி:
ஐயா, மதித்துக் கேட்கிறேன். அந்த நான்கு நூல் போல்ட் எங்கள் ஃபிளாட்டில் எதற்குப் பயன்படும்? எங்களிடம் பம்பு செட் இல்லை, தறியும் இல்லை. அரிய பொருள் என்பது ஒன்று, எனக்குத் தேவையான பொருள் என்பது வேறு.

டூவீலர் பட்டறை:
அக்கா சொல்வது சரி. வைத்திருப்பதால் வரும் ஆபத்தை இன்னும் யாரும் சொல்லவில்லை. என் கடைக்கு வரும் வண்டிகளில் மரை போன கேஸ் நிறைய. பாதிக்கு மேல், வீட்டு டப்பாவில் கிடைத்ததை எடுத்து முறுக்கியதால் வந்தது. எம்10 போல்ட்டில் மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டரும் உண்டு, 1.25-உம் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். இரண்டு சுற்று உள்ளே போகும், பிறகு இறுகும். துரு என்று நினைத்து ஸ்பானரைப் போட்டு அழுத்துவார்கள். அலுமினிய கேஸில் மரை அதோடு முடிந்தது.

அதேபோல இரண்டரை நூல் போல்ட்டின் தடிமன் 7.94 மில்லிமீட்டர், எம்8-க்குப் பக்கத்தில். ஆனால் மரை இஞ்சுக்கு 18. எம்8 நட்டில் சும்மா தொடங்கும், பாதியில் சிக்கும். ஐயா சொல்கிற விட்வொர்த் சரக்கை மெட்ரிக் சரக்கோடு ஒரே டப்பாவில் போட்டு வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வேலை.

பழைய பட்டறை:
தம்பி, கலந்து வைப்பது தப்பு என்பதில் எனக்கும் சம்மதம். அதற்குத் தீர்வு பிரிப்பது, தூக்கிப் போடுவது அல்ல. மரை கேஜ் (மரை இடைவெளியை அளக்கும் பல் தகடு) ஒன்று இருந்தால் கண நேரத்தில் தெரிந்துவிடும். கேஜ் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. அளவு தெரிந்த போல்ட் ஒன்றையும் தெரியாத ஒன்றையும் மரையோடு மரை பதியுமாறு சேர்த்து வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கடைசி வரை சந்து தெரியவில்லை என்றால் இடைவெளி ஒன்றுதான். அரை இஞ்சில் விட்வொர்த்துக்கு இஞ்சுக்கு 12 மரை, அமெரிக்க வகைக்கு 13. அந்த வித்தியாசம்கூட இப்படிப் பிடித்தால் தெரிந்துவிடும். தெரியாத போல்ட் என்று எதுவும் கிடையாது, அளக்காத போல்ட்தான் உண்டு.

டூவீலர் பட்டறை:
இங்கேதான் நான் மாறுபடுகிறேன். மரையை அளக்கலாம், வலுவை எப்படி அளப்பீர்கள்? தலையில் 8.8 என்று குறி இருந்தால் நல்லது. சதுர மில்லிமீட்டருக்கு 640 நியூட்டன் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் வகை. 4.6 என்றால் 240-தான். தலையில் எதுவுமே இல்லாத போல்ட்டை என்னவென்று எடுத்துக்கொள்வது? ஒரு தடவை முறுக்கி நீண்டுபோன போல்ட்டா, புதிதா? அதையும் டப்பா சொல்லாது. நைலாக் நட்டு இன்னும் மோசம். உள்ளே இருக்கும் நைலான் வளையம் கழற்றிப் பூட்டும்போதெல்லாம் பிடிமானம் இழக்கும். பிரேக் காலிப்பர், ஆக்சில், ஹேண்டில் கிளாம்ப், இந்த இடங்களில் டப்பா சரக்கைப் போட்டு வந்த வண்டியை நான் அப்படியே திருப்பி அனுப்பியதில்லை. புதிது மாட்டித்தான் அனுப்புவேன், வாடிக்கையாளர் முணுமுணுத்தாலும் சரி.

பழைய பட்டறை:
பிரேக்குக்குப் பழைய போல்ட் போடச் சொல்லி எந்தக் கிறுக்கனும் சொல்லமாட்டான். வீட்டில் எத்தனை வேலை உயிர் போகிற வேலை? திரைச்சீலைக் கம்பி, கேட் தாழ்ப்பாள், அலமாரிக் கீல், குக்கர் கைப்பிடி. இவற்றுக்கு 8.8 எதற்கு?

வாடகை வீடு:
இரண்டு பேரும் போல்ட்டையே பேசுகிறீர்கள். எங்கள் வீடுகளில் சேர்வது பெரும்பாலும் ஸ்க்ரூதான். அடிக்கடி வீடு மாறும் குடும்பம் எங்களுடையது. அதில் எனக்குப் பழகிப்போன ஒரே அளவுகோல்: எதிலிருந்து வந்தது என்று தெரிந்தால் வைப்பேன், தெரியாவிட்டால் போட்டுவிடுவேன்.

முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் வாங்கியபோது பின்னால் நீளமாக டிரான்ஸிட் போல்ட்டுகள் இருந்திருக்கும். மாட்ட வந்தவர் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். அதைத் தொலைத்துவிட்டு வீடு மாறினால் டிரம் லாரி முழுக்க ஆடிக்கொண்டே வரும், சஸ்பென்ஷன் போய்விடும். டிவியைச் சுவரில் மாட்டும் ஸ்க்ரூவும் அப்படித்தான். மாடலைப் பொறுத்து எம்4, எம்6, எம்8 என்று மாறும். நீளம் கூடினால் உள்ளே இருக்கும் போர்டில் இடிக்கும். கட்டிலின் போல்ட், குழந்தை சைக்கிளின் பக்கச் சக்கர நட்டு, எல்லாமே தனித்தனி ஜிப் கவரில், மேலே மார்க்கரில் பெயர். முடிந்தால் கவரை அந்தப் பொருளின் பின்பக்கமே டேப் போட்டு ஒட்டிவிடுவேன். இப்படிப் பார்த்தால் வைக்க வேண்டியது ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்கும். மிச்சம் எடைக்கு.

நான்காம் மாடி:
வாடகை வீடு சொன்னது எனக்கு ஏற்புடையது. டிரான்ஸிட் போல்ட் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. ஆனால் அது என் வாதத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. அப்பா டப்பாவில் ஒன்றுக்குமே பெயர் இல்லை.

பழைய பட்டறை:
பெயர் அவர் தலைக்குள் இருக்கும் அம்மா. அவரிடம் கேட்டீர்களா?

நான்காம் மாடி:
கேட்டேன். "இருக்கட்டும்" என்றார். எதை எடுத்துக் காட்டினாலும் அதே பதில். வருத்தப்படுத்த விருப்பமில்லை, அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

பழைய பட்டறை:
எடுத்துக் காட்டினால் அப்படித்தான் சொல்வார். இது வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் எந்த ஃபிட்டரும் வேண்டும் என்றுதான் சொல்வான். "இது எங்கே போட்டது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வருவதை ஒரு பக்கம் வையுங்கள், வராததை இன்னொரு பக்கம். பிரிப்பது அவராக இருக்கட்டும். எடைக்குப் போடுவது பற்றிப் பிறகு பேசலாம். அவர் கையால் சேர்த்ததை அவருக்குத் தெரியாமல் வண்டியில் ஏற்றாதீர்கள். இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கடலோர வாசி:
நான் நாகப்பட்டினம். உப்புக் காற்றில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. திறந்த டப்பாவில் போட்ட சாதாரண ஸ்க்ரூ ஓரிரு மழைக்காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்தால் துரு போகும், ஆனால் மேலே இருந்த துத்தநாகப் பூச்சு ஏற்கனவே போயிருக்கும். எண்ணெய் தடவி மூடி வைக்காவிட்டால் துரு உடனே திரும்பி வரும். நாகையில் வைக்கத் தகுந்தவை ஸ்டெயின்லெஸும் பித்தளையும்தான். காந்தம் காட்டினால் பித்தளை ஒட்டாது, ஸ்டெயின்லெஸ் பெரும்பாலும் மிக லேசாகத்தான் இழுக்கும். எடைக்குப் போடுகிறவர்களும் இந்த இரண்டையும் முதலில் பிரித்துவிடுங்கள். பித்தளையின் விலை இரும்பைப் போலப் பல மடங்கு. கலந்து கொடுத்தால் எல்லாம் இரும்பு விலைதான்.

நான்காம் மாடி அக்காவும் கடலுக்குப் பக்கத்தில் என்றால் கோவையிலிருந்து கொண்டுவரும் இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்பதையும் யோசியுங்கள்.

டூவீலர் பட்டறை:
வீட்டு வேலையில் உயிர் போகாது என்று ஐயா சொன்னதற்கு ஒரு பதில் பாக்கி. சீலிங் ஃபேன். கம்பியை மேலே கொக்கியோடு பிடிப்பது ஒரே ஒரு போல்ட், கழன்றுவிடாமல் அதன் முனையில் ஒரு ஸ்பிளிட் பின். பெயின்ட் அடிக்கக் கழற்றும்போது அந்தப் பின் ஒடிந்துவிடும் அல்லது தொலைந்துவிடும். பலர் டப்பாவைக் கிளறி ஒரு ஆணியை வளைத்துச் செருகிவிடுகிறார்கள். அதிர்வில் ஆணி நகர்ந்து விழும், அடுத்து நட்டு, அடுத்து போல்ட். கீழே குழந்தை படுத்திருக்கும் வீடுகள் இவை. கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூவும் அப்படித்தான். கூர்மையாக, மரத்தில் சுலபமாக இறங்குவதால் எல்லோரும் அதையே சேர்த்து வைக்கிறார்கள். வளையாமல் பட்டென்று ஒடியும் சரக்கு அது. அலமாரியைச் சுவரில் தாங்க அதைப் போடக்கூடாது. டப்பா பக்கத்தில் இருந்தால் கை அங்கேதான் போகும். டப்பா இல்லாவிட்டால் கடைக்குப் போய்ச் சரியானதை வாங்குவார்கள். அதனால்தான் சொல்கிறேன், வீட்டில் வைக்காதீர்கள்.

பழைய பட்டறை:
ஃபேன் விஷயத்தில் மறுபேச்சே இல்லை. ஸ்பிளிட் பின் புதிதாகத்தான் போட வேண்டும். ஆனால் கடைக்குப் போனால் சரியானது கிடைக்கும் என்கிறீர்களே, கேட்கத் தெரிந்தால்தானே கிடைக்கும்? கடையில் போய் "பத்து நம்பர் போல்ட் கொடுங்கள்" என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்! பத்து என்பது ஸ்பானர் அளவு, போல்ட் எம்6. 13 ஸ்பானருக்கு எம்8. அதிலும் ஜப்பான் வழி வந்த வண்டி என்றால் எம்8-க்கே 12 ஸ்பானர். டப்பாவைக் கிளறி நாலு போல்ட்டைக் கையில் உருட்டிப் பார்த்த பிள்ளைக்குத்தான் இது தெரியும். டேபிள் ஃபேன் இறக்கை மூடிக்கும் சைக்கிளின் இடது பெடலுக்கும் மரை எதிர்த் திசை என்பதை நான் டப்பாவிலிருந்துதான் கற்றேன். அதை வெறும் எடையாகப் பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை.

வாடகை வீடு:
ஐயா, கற்பதற்கு ஒரு சின்ன டப்பா போதுமே. சுவர் முழுக்க எதற்கு?

பிரித்து மிஞ்சுவதைப் பக்கத்தில் இருக்கும் சைக்கிள் கடைக்கோ வெல்டிங் பட்டறைக்கோ கொடுக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். கொடுங்கள், ஆனால் அளவு வாரியாகப் பிரித்துக் கொடுங்கள். கலவையைக் கொண்டுபோய் இறக்கினால் உங்கள் வேலையை அவர் தலையில் கட்டுவதாகத்தான் ஆகும். மறுக்கவும் கூச்சப்பட்டு வாங்கி வைத்துவிடுவார்.

நான்காம் மாடி:
எல்லோருக்கும் நன்றி. என் முடிவு பெரிதாக மாறவில்லை, செய்யும் முறை மாறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் ஒரு பழைய வேட்டியை விரித்து அப்பாவை உட்கார வைக்கப் போகிறேன். "எங்கே போட்டது?" என்று மட்டும்தான் கேட்பேன். பதில் வருவது ஜிப் கவருக்குள். அதில் சென்னை வீட்டுக்குப் பயன்படுவதும் அவர் ஆசைப்படுவதும் சேர்ந்து ஒரு பெட்டி அளவுக்கு வரும். பித்தளை தனியாக. மிச்சம் இரும்புக் கடைக்கு. அடையாளம் தெரியாத இரும்பைச் சென்னை வரை சுமக்க எனக்கு இன்னும் காரணம் கிடைக்கவில்லை. ஒரு கேள்வி மட்டும்: விட்வொர்த் என்று அப்பா சொல்வதை என்ன செய்வது? எங்களுக்கு வேண்டாம், ஐயா சொன்ன பிறகு உருக்கவும் மனம் இல்லை.

பழைய பட்டறை:
அதை மட்டும் ஒரு சாக்கில் கட்டி வையுங்கள், கணபதிக்கு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். காசும் கொடுப்பேன். பழைய லேத்தையும் பம்பையும் இன்னும் ஓட்டுகிறவர்கள் என்னைத் தேடி வருகிறார்கள், அவர்களுக்கு ஆகும். எடைக்குப் போடுவதை நான் இன்னும் ஏற்கவில்லை, அது வேறு. போல்ட்டோடு அதன் நட்டையும் சேர்த்தே பூட்டி வையுங்கள், தனித்தனியாகக் கழற்றிப் போட வேண்டாம். விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, மெட்ரிக் 60. ஜோடி பிரிந்தால் பிறகு சேர்ப்பது கஷ்டம். அப்பாவிடம் எந்த மில் என்று கேட்டுச் சொல்லுங்கள்.