பொய் லேபிளுடன் விற்கப்படும் சர்க்கரை நோய்ச் சூரணம்: எந்தச் சட்டத்தின் கீழ், யாரிடம் புகார் செய்வது?

பெரம்பூர் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு வரும் என் மாமியார், உறவினர் ஒருவரின் பேச்சைக் கேட்டு வடசென்னைக் கடை ஒன்றில் சூரணம் வாங்கி, எங்களிடம் சொல்லாமல் மாத்திரையோடு சேர்த்து உட்கொண்டு வந்திருக்கிறார். ஒரு நாள் விடியற்காலையில் உடலெல்லாம் வியர்த்து, நாக் குழறி, நினைவு தப்பிவிட்டார். மருத்துவமனையில் சோதித்தபோது சர்க்கரை அளவு அபாயகரமாக இறங்கியிருந்தது. கடவுள் புண்ணியத்தில் இப்போது நலமாக இருக்கிறார்.

டப்பாவின் முன்பக்கத்தில் "சர்க்கரை நோயை வேரோடு அறுக்கும், பக்க விளைவு அறவே இல்லை" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். பின்பக்கத்தில் ஆவாரம்பூ, நாவல்கொட்டை, சிறுகுறிஞ்சான் என்று பெயர்கள் உள்ளனவே தவிர, எது எவ்வளவு என்பது இல்லை. பேட்ச் எண்ணுக்கான கட்டம் வெறுமையாக இருக்கிறது. இதன் மீது அரசு நடவடிக்கை எடுக்க வழி உண்டா? வேறு குடும்பத்துக்கு இது நேரக் கூடாது என்பதற்காகவே கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர், அண்ணா நகர்:

வழி உண்டு, அம்மா. சித்தா, ஆயுர்வேத, யுனானி மருந்துகளுக்கு 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் 4ஏ என்று தனி அத்தியாயமே இருக்கிறது. விதிப்படி லேபிள் இல்லாத மருந்தும், லேபிளில் பொய்யான அல்லது திசைதிருப்பும் கூற்று உள்ள மருந்தும் 33இ பிரிவின் கீழ் தவறான லேபிள் கொண்ட மருந்து ஆகும். சேர்க்கப்பட்ட சரக்குகளின் பெயரும் அளவும், தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி ஆகியவை இருந்தாக வேண்டும். நீங்கள் விவரித்த டப்பா இவற்றில் இரண்டிலாவது தவறுகிறது.

மூலிகை என்று சொல்லி விற்கும் பொடிகளில், சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு போன்ற ஆங்கில மருந்துகளைக் கலப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட மோசடி. மூட்டுவலிப் பொடிகளில் இதேபோல் ஸ்டீராய்டு கலக்கிறார்கள். உங்கள் டப்பாவில் என்ன இருக்கிறது என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். ஆனாலும் அந்த டப்பாவை மருத்துவரிடம் இன்றே காட்டிவிடுங்கள். கிளிபென்கிளமைடின் வேகம் நீண்ட நேரம் நிற்கும் என்பதால், சர்க்கரை கொடுத்துத் தெளிந்த பிறகும் மீண்டும் இறங்கக்கூடும்.

சட்டம் பயில்பவர், திருவல்லிக்கேணி:

லேபிள் இரண்டு விதமாகப் பொய் சொல்ல முடியும். உள்ளே இருப்பதை மறைப்பது ஒன்று. செய்யாததைச் செய்யும் என்று வாக்களிப்பது மற்றொன்று. இரண்டாவதைத் தண்டிப்பது எவ்வளவு கடினம் என்பதை அமெரிக்கா பட்டுத்தான் அறிந்தது. உட்பொருளை மறைத்து, எல்லா நோயும் தீரும் என்று விளம்பரப்படுத்தி விற்ற பேட்டன்ட் மருந்துகள் கொடிகட்டிப் பறந்த அந்நாட்டில் 1906ஆம் ஆண்டுச் சட்டம் மார்ஃபின், கோகெயின், ஆல்கஹால் போன்றவற்றை லேபிளில் குறிப்பிட வேண்டும் என்றது. புற்றுநோயைக் குணமாக்கும் என்று பொய்யாக அச்சிட்டு விற்ற ஜான்சன் என்பவர் மீது அரசு தொடுத்த வழக்கிலோ, அச்சட்டம் உட்பொருள் பற்றிய பொய்யையே தடுக்கிறது, குணப்படுத்தும் சக்தி பற்றிய பொய்யை அன்று என்று உச்ச நீதிமன்றம் 1911இல் தீர்ப்பளித்துவிட்டது. குணப்படுத்தும் சக்தி பற்றிய பொய்யையும் தடுக்க மறு ஆண்டே ஷெர்லி திருத்தம் வந்தது. அதுவும் ஏமாற்றும் எண்ணத்தை அரசு நிரூபிக்க வேண்டும் என்றதால், "நான் உண்மையாகவே நம்பினேன்" என்று சொல்லித் தப்ப முடிந்தது. அந்த ஓட்டை அடைபட 1938ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டில் இதற்கென்றே 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் இருக்கிறது. அதன் அட்டவணையில் உள்ள 54 நோய் நிலைகளில் சர்க்கரை நோயும் ஒன்று. அச்சட்டப்படி லேபிளும் மேலுறையும்கூட விளம்பரமே. ஆகவே "வேரோடு அறுக்கும்" என்ற வரியே குற்றம். பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்பதால் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மனுவில் உட்பொருள் பற்றிய குறையையும் இந்த வாக்குறுதியையும் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள், ஒன்று தோற்றாலும் மற்றொன்று நிற்கும்.

சித்த மருத்துவர், தாம்பரம்:

இந்த டப்பாவைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆவாரையையும் சிறுகுறிஞ்சானையும் முறையாகக் கொடுக்கும் எந்தச் சித்த மருத்துவரும் நோயாளி ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளைக் கேட்காமல் கொடுக்க மாட்டார், வேரோடு அறுப்பதாக வாக்கும் தர மாட்டார். இத்தகைய சரக்கின் மீது முதலில் புகார் செய்ய வேண்டியவர்கள் எங்கள் துறையினரே என்பது என் உறுதியான கருத்து. அரும்பாக்கத்தில் உள்ள இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறை ஆணையரகத்துக்கு எழுதுங்கள். தயாரிப்பு வெளிமாநிலமாக இருந்தாலும் இங்கே விற்ற கடையின் மீது நடவடிக்கை எடுக்கலாம்.

பெரம்பூர் வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மீதமுள்ள தூளை நாங்களே அரசு ஆய்வகத்துக்குக் கட்டணம் செலுத்தி அனுப்பலாமா?

ஓய்வுபெற்ற மருந்தாளுநர், அண்ணா நகர்:

வாங்கியவரே பரிசோதனைக்குக் கொடுக்கும் உரிமை 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் இருக்கிறது, ஆனால் அது ஆங்கில மருந்துகளுக்கான அத்தியாயத்தைச் சேர்ந்தது. 4ஏ அத்தியாயத்துக்கு 22 முதல் 25 வரையிலான பிரிவுகளைத்தான் பொருத்தியிருக்கிறார்கள். இந்தக் குறையைச் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ என்றைக்காவது சரிசெய்ய வேண்டும்.

எனவே அரசின் மருந்து ஆய்வாளர்தான் மாதிரி எடுக்க வேண்டும். அவர் விலை கொடுத்து எடுத்து, கடைக்காரர் முன்னிலையில் பிரித்து முத்திரையிட்டு, ஒரு பகுதியைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு, மற்றொன்றை அரசுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்புவார். அந்த அறிக்கையை 28 நாட்களுக்குள் யாரும் மறுக்காவிட்டால் அதுவே முடிவான சான்று. உங்கள் வீட்டில் பிரித்துவிட்ட டப்பாவுக்கு நீதிமன்றத்தில் அந்த மதிப்பு இல்லை. ஆனாலும் தூளை வேறு பாட்டிலுக்கு மாற்றாமல், ரசீது, லேபிளின் எல்லாப் பக்கங்களின் படம், மருத்துவமனைச் சீட்டின் நகல் ஆகியவற்றோடு வைத்திருங்கள். கடையின் சரியான முகவரியை மனுவின் முதல் வரியிலேயே எழுதி இந்த வாரமே கொடுத்துவிடுங்கள், சரக்கு அலமாரியில் இருக்கும்போது ஆய்வாளர் போனால்தான் மாதிரி கிடைக்கும்.