வடசென்னை முகவரி: நீங்கள் எதிர்கொண்டவற்றை எழுதுங்கள்

முதல் பதிவு

நான் சேலத்தில் பிறந்து வளர்ந்தவன். தேனாம்பேட்டையில் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தபோது வேளச்சேரியில் நண்பர்களுடன் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். திருமணத்திற்குப் பின் வீடு தேடத் தொடங்கிய சமயத்தில், 2019 பிப்ரவரியில், வடசென்னையின் வண்ணாரப்பேட்டையிலிருந்து தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி வீட்டைப் பார்த்தோம். மற்ற இடங்களில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது, இந்த வீட்டுக்காரம்மா ஐந்து மாதம் போதும் என்றார். அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, வடசென்னை என்றாலே அடிதடி என்று நினைக்கும் மூன்று பேர், தனித்தனியாக, ஒரே சொல்லைக் கேட்டார்கள்: “அங்கேயா?”

குடிவந்த இரண்டாம் நாள் இரவு பதினொரு மணிக்கு நானும் மனைவியும் ஊரிலிருந்து பைகளுடன் திரும்பினோம். தெருவிளக்கின் கீழ் ஏழெட்டு இளைஞர்கள் கேரம் பலகையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். மனைவி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டதை நான் கவனித்தேன்; அவர்களும் கவனித்திருப்பார்கள். ஒருவர் எழுந்துவந்து, வழியை மறித்து நின்ற தம் பைக்கை நகர்த்திவிட்டு, “மாடி வீட்டுக்குப் புதுசா வந்தவங்களாண்ணா? காலைல மோட்டார் ஓடாது, பின்னாடி தெருவுல அடிபம்பு இருக்கு” என்றார். மறுநாள் காலையில் மோட்டார் ஓடவில்லை.

இங்கே வாழ்ந்தவர்களும், இந்தப் பக்கம் வரவே தயங்கியவர்களும் தங்களுக்கு நேர்ந்ததை எழுத வேண்டுகிறேன்.

வியாசர்பாடியிலிருந்து

கேரம் பலகையைக் கண்டு அஞ்சியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. 2008-ல் உலக கேரம் வாகையரான இளவழகி எங்கள் வியாசர்பாடிப் பெண். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற காசிமா, உங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் புது வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவர், ஆட்டோ ஓட்டுநரின் மகள். பெரிய மைதானமும் விலையுயர்ந்த காலணியும் தேவைப்படாத ஆட்டம் என்பதால் அது எங்கள் சந்துகளுக்குள் நிலைத்தது.

என் அனுபவம் வேறு வகையானது. கல்லூரி முடித்து முதன்முதலாக விண்ணப்பம் அனுப்பியபோது, என் அண்ணன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, முகவரியில் இருந்த வியாசர்பாடியை அடித்துப் பெரம்பூர் என்று எழுதினார். நான் சண்டை போட்டேன். அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அந்த முகவரியால் அவர் முன்பே ஒதுக்கப்பட்டிருந்தார் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். நல்ல சம்பளத்தில் அமர்ந்த பிறகு இருசக்கர வாகனத்துக்குக் கடன் கேட்டேன். சம்பளச் சான்று, வங்கிக் கணக்கு, அடையாள அட்டை எல்லாம் சரியாக இருந்தும் கடன் மறுக்கப்பட்டது. காரணம் கேட்டுப் பலமுறை அழைத்த பிறகு, தொலைபேசியில் பேசிய இளைஞர் குரலைத் தாழ்த்தி, “உங்க பின்கோடு நெகட்டிவ் ஏரியா லிஸ்ட்ல இருக்கு சார், நான் சொன்னதாச் சொல்லிடாதீங்க” என்றார். கடன் கொடுக்கத் தயங்கும் பகுதிகளின் பட்டியல் அது. ஒருவர் என்னைக் கண்டு முகம் சுளித்தால் பேசிப் பழகி மாற்றிவிடலாம். ஒரு பட்டியலோடு எப்படிப் பேசிப் பழகுவது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மழைக்கும் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் படம் செய்தியில் வரும்போது மட்டும் நண்பர்கள் நலம் விசாரிக்கிறார்கள். மற்ற நாட்களில் எங்கள் நினைவு அவர்களுக்கு வருவதில்லை.

பெரம்பூர், மில் தொழிலாளியின் மகள்

மேலே எழுதிய சகோதரரின் அண்ணன் “பெரம்பூர்” என்று மாற்றி எழுதினாரே, அந்தப் பெரம்பூரில் நடந்ததைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் வெளியாரின் தவறான எண்ணம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது என்பது என் கருத்து. நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் தெருவில் அடிதடி இருந்தது, அம்மா எங்களை விளக்கு வைத்த பிறகு வெளியே விடமாட்டார். ஆனால் அது எப்போது தொடங்கியது என்று கேட்டால், என் அப்பா ஓர் ஆண்டைச் சொல்வார்: 1996. பக்கிங்காம் அண்டு கர்நாடிக் மில், எங்கள் வாயில் பின்னி மில், நிரந்தரமாக மூடப்பட்ட ஆண்டு அது. 1918-ல் திரு.வி.க.வும் பி.பி. வாடியாவும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தது இந்த மில்லின் தொழிலாளர்களைத் திரட்டித்தான். அதாவது, சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் உறங்கி, சம்பள நாளில் கடன் அடைத்து, தீபாவளிக்கு போனஸ் பேசிய ஒழுங்கான வாழ்க்கை ஒன்று இங்கே மூன்று தலைமுறைகளாக இருந்தது. அது நின்றதும் பிள்ளைகள் ஆட்டோ ஓட்டப் போனார்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், சிலர் வேறு வழிகளிலும் போனார்கள். வெளியார் அந்தச் சிலரைத்தான் பார்த்தார்கள்.

மில் இருந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்திருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் அப்பாவை அழைத்துக்கொண்டு அங்கே விற்பனைக்கு இருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். வாயிலில் இருந்த காவலாளி, வட மாநிலத்து இளைஞர், யாரைப் பார்க்க வேண்டும் என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். அப்பா பெயரேட்டை வாங்கி, வருகையின் காரணம் என்ற கட்டத்தில் “தறி செக்‌ஷன், ரெண்டாவது ஷிஃப்ட்” என்று எழுதிவிட்டார். காவலாளி அதைப் படிக்க முடியாமல் எங்களை உள்ளே விட்டார். உள்ளே நீச்சல் குளம் இருந்தது. வீட்டின் விலையைக் கேட்டோம், திரும்பி வந்துவிட்டோம். அங்கே வசிப்பவர்கள் தங்கள் முகவரியாகக் குடியிருப்பின் ஆங்கிலப் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

எண்ணூரிலிருந்து, சுருக்கமாக

என்னிடம் நகரத்து நண்பர்கள் கேட்பதெல்லாம் கத்தியைப் பற்றித்தான். இங்குள்ள ஆலைகளின் புகைபோக்கியைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. 2023 டிசம்பர் முதல் வாரப் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து கொசஸ்தலையாற்று முகத்துவாரம் கறுத்தது, வலைகளும் படகுகளும் பாழாயின. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும், முகத்தை ஈரத்துணியால் மூடிக்கொண்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள். அன்றிரவு ஷேர் ஆட்டோக்காரர்கள் யாரிடமும் காசு வாங்காமல் ஏற்றிச் சென்றதை நான் கண்ணால் பார்த்தேன். விம்கோ நகருக்கு 2021-லேயே மெட்ரோ வந்துவிட்டது, உண்மைதான். எங்களுக்கு அதற்கும் அப்பால் போக வேண்டும்.

முதல் பதிவை எழுதியவர் மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. பெரம்பூர் அம்மா சொன்னதைப் படித்த பிறகு, என் முதல் பதிவில் நான் விட்டுவிட்ட ஒன்றை எழுதத் தோன்றுகிறது. போன மாதம் மனைவிக்குக் காய்ச்சல் அதிகமாக இருந்ததால், இரவு ஒன்பது மணிக்குத் தேனாம்பேட்டையில் ஆட்டோ பிடிக்க முயன்றேன். செயலியில் மூன்று பேர் ஏற்றுக்கொண்டு, இடத்தைப் பார்த்ததும் ரத்து செய்தார்கள். நான்காவதாக, சாலையில் நின்றவரை நேரிலேயே கேட்டேன். அவரும் “வண்ணாரப்பேட்டையா, வராது சார்” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அங்கே இருப்பவர்களும் மனிதர்கள்தாம், ஏன் இப்படிப் பயப்படுகிறீர்கள் என்று சற்று உரக்கவே கேட்டுவிட்டேன்.

அவர் என்னைச் சில கணங்கள் பார்த்தார். “பயமா? என் வீடே அந்தப் பக்கம் காசிமேட்டுல சார். இந்நேரத்துக்கு அங்க போனா திரும்பி வர சவாரி கிடைக்காது, இன்னும் வண்டி வாடகைக் காசு சேரல. அதான்” என்றார்.

இருநூறு ரூபாய் சேர்த்துத் தருவதாகச் சொன்னேன். ஐம்பது போதும் என்று வண்டியைக் கிளப்பினார். வழியில் பாரிமுனை அருகே நிறுத்தி, தம் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, அந்தப் பக்கம்தான் வருகிறேன், சோறு எடுத்து வை என்றார்.